குளத்தங்கரை இலுப்பை: கையில் இருக்கும் நாலு படம்

எல்லோருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் அத்தாச்சி போன வாரம் ஒரே வரியில் கேட்டிருந்தார்: “நம்ம இலுப்பை மரம் முழுசாத் தெரியுற மாதிரி யார்கிட்டயாவது படம் இருக்கா?” படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த மரம் இல்லாத படமே நம்மிடம் கிடையாதே, கேட்கிற கேள்வியைப் பார் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். மூன்று ராத்திரி போனது. ஆல்பம் ஆறு, பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ் உறைகள், பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று. மரம் இருக்கிற படம் நாற்பதைத் தாண்டியது. மரத்தை எடுத்த படம் ஒன்றே ஒன்று.

மற்ற எல்லாவற்றிலும் மரம் நமக்குப் பின்னால் நிற்கிறது. மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு மேலே ஒரு கிளை. காதுகுத்தில் மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற பிள்ளைக்குப் பின்னால் வெறும் பட்டை. திருவிழாப் படத்தில் ட்யூப்லைட் கட்டித் தொங்கவிட்ட இன்னொரு கிளை. மரத்தையே படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்றுதானே இருந்தோம்.

உருப்படியான நாலு படத்தை ஸ்கேன் செய்து, எண் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போய்விடாதீர்கள். நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் படம் 1987. சித்தப்பா கல்யாணம். பட்டுக்கோட்டையிலிருந்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்தது. சித்தப்பா மாலையும் கழுத்துமாக, புது வாட்ச் தெரிகிற மாதிரி கையை மடக்கி, மரத்தடிச் சுமைதாங்கிக் கல்லை ஒட்டி நிற்கிறார். சுமைதாங்கியைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்த ஆள் கை கொடுக்காமலேயே அதில் சுமையை இறக்கலாம், குனியாமலே திரும்பத் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். நம்ம ஊர்க் கல் யாருக்காக வைத்தது என்று அப்பாயிக்குத் தெரிந்திருக்கும். நான்தான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. படத்தில் மேல்கல் சித்தப்பாவின் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டாவதுதான் அத்தாச்சி கேட்ட படம். 1998 பங்குனி. சிங்கப்பூர் வந்து இரண்டு வருஷம் கழித்து முதல் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். கையில் யாஷிகா எம்.எஃப். 2. ஃபோகஸ் திருப்பும் வேலையெல்லாம் கிடையாது, அமுக்கினால் விழும். முப்பத்தாறு படத்தில் முப்பதைச் சொந்தக்காரர்கள் தின்றுவிட்டார்கள். மீதி ஆறு. இங்கே என்னோடு வேலை பார்த்த சீனப் பையனிடம் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மரத்தில்தான் ஆரம்பிப்பேன். “படம் இருக்கா?” என்று அவன் ஒருநாள் கேட்டுவிட்டான். அந்த ரோஷத்தில்தான் எடுத்தேனே தவிர, காலத்துக்கும் பாதுகாக்கிற எண்ணமெல்லாம் இல்லை.

அவ்வளவு பெரிய மரத்தைப் படத்துக்குள் அடக்குவது சும்மா இல்லை. கிட்டே நின்றால் அடிமரம் மட்டும் விழும். நாலு ஆள் கைகோத்துக் கட்டிப் பிடிக்கிற சுற்றளவு, அது மட்டுமே படத்தை அடைத்துக்கொள்ளும். ரோட்டோரமாகப் பின்னுக்குப் போனால் போஸ்ட் கம்பமும் தென்னையும் குறுக்கே வரும். அப்படி இரண்டு ஃபிலிம் வீண். மரம் நின்றது குளத்தின் கீழ்க்கரையில், அதாவது கிழக்கே. அப்படியானால் மேற்கே மேல்கரைக்குப் போய்த் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தால்தான் முழு மரமும் கிடைக்கும் என்று மூன்றாம் நாள் புரிந்தது. காலையில் போனேன். சூரியன் மரத்துக்குப் பின்னால். கரிக்கட்டி மாதிரி ஒன்று விழுந்திருக்கிறது, நெகட்டிவ் இன்னும் இருக்கிறது. சாயங்காலம் அஞ்சரைக்குத் திரும்பப் போனேன். வெயில் என் முதுகுப் பக்கமிருந்து மரத்தின் முகத்தில் அடித்தது. மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த பயல்களை “எல்லாரும் தள்ளிப் போங்கடா, ஆள் இல்லாம வேணும்” என்று இக்கரையிலிருந்து கத்தி விரட்டினேன். எடுத்தேன். கடைசி ஃபிலிம் அதுதான். அதற்கப்புறம் ரோலைச் சுற்றி எடுத்துவிட்டேன்.

இந்தப் படத்தில் மரம் செம்பு நிறத்தில் இருக்கும். படம் வெளுத்துச் சிவந்துவிட்டது என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மாசி, பங்குனியில் இலுப்பை இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கும், அதோடு கொழுந்து வரும். அந்தக் கொழுந்து பச்சையாக இருக்காது, தேய்த்த செம்புக் குடம் மாதிரி இருக்கும். முதலில் பிரிண்ட் போட்டுக் கொடுத்த இடத்தில் மெஷின் இதைத் தப்பான கலர் என்று நினைத்துக்கொண்டு பச்சையாக்கித் தள்ளிவிட்டது. இருபத்தஞ்சு வருஷம் என் அலமாரியில் அந்தப் பச்சை மரம்தான் இருந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மரத்தின் கலர் எனக்கே மறந்துபோகிற அளவுக்கு. போன வாரம் நெகட்டிவிலிருந்து எடுத்தபோதுதான் செம்பு திரும்ப வந்தது.

பூ வாசனை படத்தில் வராது, அதற்கு என்ன செய்ய. விடியறதுக்கு முன்னால் பொத்துப் பொத்தென்று விழும். சாறு நிறைந்த, வெண்ணெய் நிறப் பூ. ராத்திரி முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள் கிளையில் அடிக்கிற கூத்தில் பாதி உதிரும். அப்பாயி முறத்தோடு போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து காயவைத்து வறுத்துக் கொடுக்கும். ஒரு மாதிரி மக்கிய தித்திப்பு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள், நம்ம ஊரில் ஆலையும் இல்லை, கடைக்கும் நாலு மைல். ஆனி, ஆடியில் கொட்டை பொறுக்குவோம். செக்குக்குப் போய் எண்ணெயாகத் திரும்பி வந்து பிள்ளையார் கோயில் விளக்கில் எரியும். புண்ணாக்கைப் புகை போட்டால் பாம்பு வராது என்று அப்பாயி சொல்லும். பாம்பு வந்ததா வரவில்லையா தெரியாது, அந்தப் புகையில் நாங்கள் யாரும் வீட்டுக்குள் இருக்க முடியாது.

வயசு என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-ல் வந்தவை. கால்வாய் வெட்டுகிற காலத்திலேயே அது பெரிய மரம்தான், வேலைக்கு வந்தவர்கள் அதன் அடியில்தான் சோறு பொங்கினார்கள் என்பது அப்பாயி கணக்கு. அதற்கப்புறம் 52 புயல் பார்த்தது, 77 புயல் பார்த்தது. 52-ல் கிழக்குக் கிளை ஒன்று முறிந்ததாம். 77-ல் ஊரே ஓடு இழந்து கிடந்தபோது மரத்தடியில்தான் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்களாம்.

மூன்றாவது படம் 2012. இதில் மரத்தைச் சுற்றி வட்டமாக மேடை, மேலே மெரூன் டைல்ஸ். மேடையில் பளிங்குக் கல், அதில் உபயதாரர் பெயர்கள். ஒன்பதாவது பெயர் அடியேன். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். உங்களில் பலர் பெயரும் அதில் இருக்கிறது, ஜூம் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். திறப்பு விழாவுக்குச் சித்தப்பா பழைய ஞாபகத்தில் அதே சுமைதாங்கி அருகில், அதே மாதிரி கையை மடக்கி நிற்கிறார். இந்தத் தடவை மேல்கல் அவர் இடுப்புக்கு வருகிறது.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சித்தப்பா வளரவில்லை. கல்தான் இறங்கியிருக்கிறது. கப்பி ரோடு போட்டார்கள், அதன் மேல் தார், தாரின் மேல் இன்னொரு தார், அப்புறம் சிமெண்ட். பழையதைப் பெயர்த்துவிட்டுப் போடுகிற வழக்கம் எங்கேயும் இல்லை, மேலே மேலேதான். ரோடு உயர்ந்ததால் மரத்தடியிலும் மண் கொட்டி மட்டம் பண்ணினார்கள். இருபத்தைந்து வருஷத்தில் குறைந்தது ஒன்றரை அடி. மரத்துக்குச் சாப்பாடு எடுக்கிற வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கும், அவற்றுக்கும் மூச்சு வேண்டும். அந்த வேர் மேல் ஒன்றரை அடி மண், அதன் மேல் ஜல்லி, அதற்கும் மேல் டைல்ஸ். குளிர்ச்சியாக உட்கார்ந்து சீட்டு விளையாட நாம் கட்டிக் கொடுத்த மேடை அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

நாலாவது படம் 2017 டிசம்பர், போனில் எடுத்தது. அண்ணன் மகள் மேடையில் உட்கார்ந்து ஐஸ் தின்கிறாள். அவள் தலைக்கு இடப்பக்கம், மூலையில் பாருங்கள். மரத்துக்கு வடக்கே சந்துக்குச் சிமெண்ட் போட்டபோது ஓரமாகச் சாக்கடைக்குப் பள்ளம் எடுத்திருக்கிறார்கள். பொக்லைன் வைத்து இழுத்த பள்ளம், அடிமரத்திலிருந்து நாலு எட்டுத்தான் இருக்கும். பள்ளத்தின் சுவரில் வட்ட வட்டமாக வெளுப்பாகத் தெரிவது கல் இல்லை. வேர் வெட்டுப்பட்ட முகம். ஒன்று என் தொடை அளவு இருக்கும். நான் அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் தினமும் டீக்கடைக்குப் போனேன். செருப்பில் சேறு பட்டது ஞாபகம் இருக்கிறது, வேரைப் பார்த்த ஞாபகம் இல்லை.

யார் காண்ட்ராக்ட், யார் உத்தரவு என்று இங்கே பஞ்சாயத்து வேண்டாம். சந்துக்கு ரோடு வேண்டும் என்று மனு எழுதியதில் நம்ம கையெழுத்தும் உண்டு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த அந்த ராத்திரிக் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை ராத்திரி அம்மாவிடம் பேசினேன். காற்று ஆரம்பித்துவிட்டது, கரண்டை நிறுத்திவிட்டார்கள் என்றார். அதற்கப்புறம் லைன் இல்லை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய கஜா, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மேற்கே போனது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் போனது, டவரும் இல்லை. நாலாம் நாள் அண்ணன் தஞ்சாவூர் போய்த்தான் கூப்பிட்டார். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்றார். மாட்டுக்கொட்டகை, ஓடு, அப்புறம் தென்னை. கொல்லையில் இருநூற்றுப் பத்து மரத்தில் பதினேழு நிற்கிறது என்றார். பிற்பாடு ஒரு தென்னைக்கு, அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. இலுப்பைக்கு அப்படி விலை எதுவும் கிடையாது, அது யாருடையதும் இல்லையே. போனை வைக்கப் போகிற நேரத்தில்தான், “இலுப்பையும் போச்சுடா” என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஐஎஸ்டி ஓடிக்கொண்டிருந்தது.

காற்று முதலில் வடக்கேயிருந்து அடித்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஓய்ந்து, திரும்பத் தெற்கேயிருந்து அடித்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். புயலின் கண் மேலே கடந்து போனால் அப்படித்தான். மரம் இரண்டாவது காற்றுக்குக் காத்திருக்கவில்லை. வடக்குக் காற்றிலேயே, கரையோடு கரையாகத் தெற்கே படுத்துவிட்டது. பெரிய மரத்தை ஆணிவேர்தான் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறோம். காற்றில் அதை நிறுத்துவது பக்கவேர். பந்தக்காலை இழுத்துக் கட்டுகிற கயிறு மாதிரி, காற்று வருகிற பக்கத்து வேர்தான் இழுத்துப் பிடிக்கும். வடக்குப் பக்கத்துக் கயிறு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே அறுபட்டுவிட்டது.

விழுந்த பிறகு அண்ணன் எடுத்து அனுப்பிய படமும் இருக்கிறது. அதை இத்துடன் வைக்கவில்லை, வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். அதில் வேர்த்தட்டு நிமிர்ந்து நிற்கிறது. தெற்கே வேர்கள் நீளமாக, கிழிந்து, நார் நாராக. வடக்கே மட்டும் கத்தரித்த மாதிரி ஒரே வரிசை. உபயக் கல் இரண்டாக உடைந்து வேருக்குள் சிக்கியிருக்கிறது.

பள்ளம் தோண்டாமல் இருந்தால் மரம் நின்றிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பள்ளமே தோண்டாத கொல்லையில் தென்னை வரிசை வரிசையாகப் படுத்தது. ஆனால் அய்யனார் கோயில் புளியமரத்தைப் பாருங்கள். அதுவும் கிழம், பாதிக் கிளை போய்விட்டது, மொட்டையாக நிற்கிறது, போன வருஷம் காய்த்திருக்கிறது. அங்கே ரோடு போகவில்லை. மேடை கட்ட யாரும் பணம் கொடுக்கவில்லை.

இங்கே சிங்கப்பூர்ப் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், ஒரு தெம்புசு மரம் இருக்கிறது. அஞ்சு வெள்ளித் தாளின் பின்பக்கம் படம் போட்டிருப்பார்களே, அதுதான். தாழ்ந்து நீண்ட கிளை, அந்தக் காலத்தில் எல்லோரும் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்திருக்கிறேன். இப்போது சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், கிட்டேயே போக முடியாது. வேலியைப் பார்த்தபோது, ரொம்பத்தான் பண்ணுகிறார்கள் என்று பேசிக்கொண்டு வந்தேன். மண் மிதிபட்டு இறுகக் கூடாது என்பதற்காகவும்தான் அது என்று இப்போது புரிகிறது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. பழைய இடத்திலேயே புது இலுப்பை வைத்து, சுற்றி கிரானைட்டில் மேடை கட்டலாம் என்று பேச்சு ஓடுகிறது, வசூலுக்குத் தொகையும் சொல்லியிருக்கிறார்கள். கன்றுக்கு நான் தருகிறேன். ஆடு மாடு கடிக்காமல் கூண்டுக்குத் தருகிறேன், கோடையில் தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்கு மூன்று வருஷச் சம்பளத்தில் பாதி தருகிறேன். மேடைக்கு ஒரு வெள்ளி தர மாட்டேன். சுற்றிப் பத்தடி வெறும் மண்ணாகக் கிடக்கட்டும். பெயர் வேண்டுமென்பவர்கள் பஸ் ஸ்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். இலுப்பைக் கொட்டையைக் காயவைத்துச் சேர்த்துவைத்தால் முளைக்காது, விழுந்த கையோடு ஊன்ற வேண்டும். ஆகவே ஊரில் யாராவது ஆனி, ஆடியில் பக்கத்து ஊர் மரத்தடியில் பொறுக்கினால்தான் கன்று கிடைக்கும். பொங்கலுக்கு எல்லோரும் வரும்போது நட்டுவிடலாம் என்கிற திட்டத்துக்கு மரம் ஒத்துக்கொள்ளாது.

உங்கள் வீட்டிலும் நெகட்டிவ் இருக்கும், தேடுங்கள். பிரிண்டை நம்பாதீர்கள். ஸ்கேனர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. லேப்டாப் திரையை வெறும் வெள்ளையாக வையுங்கள். திரைக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் இரண்டு தீப்பெட்டி உயரம் இடைவெளி இருக்கட்டும், ஒட்டி வைத்தால் திரையின் புள்ளியெல்லாம் படத்தில் விழும். விளக்கை அணைத்துவிட்டுப் போனில் எடுங்கள், எடுத்ததைக் கலர் தலைகீழாக மாற்றினால் படம் வந்துவிடும். பூஞ்சை பிடித்திருந்தால் துணியால் தேய்க்காதீர்கள், அப்படியே எடுத்து அனுப்புங்கள். முக்கியமாக 1977-லிருந்து 87 வரை என்னிடம் ஒன்றுமே இல்லை. துபாய்த் தம்பி, உன் அப்பா அப்போதே கேமரா வைத்திருந்தார், பரணைப் பார்க்கச் சொல்.

கடைசியாக ஒன்று. இரண்டாவது படத்தில் ஆளே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நெகட்டிவைப் பெரிதாக்கியபோது, குளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில், செம்புக் கொழுந்துக்கு நடுவே நீலமாக ஏதோ தெரிந்தது. பட்டம் சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினால் சட்டை. ஒரு பையன் கிளையைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறான், வலது கால் மட்டும் கீழே தொங்குகிறது. நான் கத்தி விரட்டியபோது எல்லோரும் ஓடியிருக்கிறார்கள், இவன் மட்டும் மேலே ஏறி ஒளிந்திருக்கிறான். சுமைதாங்கிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் கிடக்கிறது. அப்போது பத்து வயது என்றால் இப்போது முப்பத்தேழு இருக்கும். முகம் தெரியவில்லை. அந்த வயதுக்காரர்கள் இந்தக் குழுவிலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். யாருடா அது?